திரும்பத் தெரிந்த டாங்கி

சக்கரத்துக்குப் பதிலாக இரு பக்கமும் பெல்ட் வைத்த நெல் அறுவடை இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. புது மாடல் வயலில் இறங்கியதும் நாங்கள் முதலில் கவனிப்பது அது எப்படித் திரும்புகிறது என்பதைத்தான். நேராக எந்த வண்டியும் ஓடிவிடும். வரப்போரம் திருப்பும்போதுதான் அதன் லட்சணம் தெரியும்.

வழக்கமான முறையில், இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது பெல்ட்டுக்குப் போகும் விசையைக் கிளட்ச் துண்டித்துவிடும்; அப்புறம் பிரேக் அதைப் பிடித்து நிறுத்தும். காய்ந்த தரையில் சரி. சேற்றில், நின்றுபோன பெல்ட் பக்கவாட்டில் மண்ணைத் தள்ளிக் குவிக்கும். மற்ற பெல்ட் ஒன்றே முழுப் பாரத்தையும் இழுக்க வேண்டும். எஞ்சின் சத்தம் கனத்து, புகை கறுத்து, வண்டி திணறும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

டாங்கியும் பெல்ட்டில் ஓடுவதுதான்; அதற்கும் இதே தொல்லை உண்டு. அதனால்தான் அமெரிக்காவின் டி1 இலகு டாங்கியின் கதை எனக்கு அவ்வளவு நெருக்கமாகப் படுகிறது. முதல் உலகப்போர் முடிந்தபோது அந்நாட்டு ராணுவத்திடம் இருந்த இலகு டாங்கி, பிரெஞ்சு ரெனோ டாங்கியைப் பார்த்துச் செய்த எம்1917. வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர்தான். அதற்கு மாற்றாக 1927-ல் டி1-ஐச் செய்து கொடுத்தது ரோசெஸ்டர் நகரத்துக் கன்னிங்ஹாம் நிறுவனம். குதிரை வண்டி, சொகுசுக் கார், அமரர் ஊர்தி எல்லாம் செய்தவர்கள். ஏறக்குறைய ஏழு டன் எடை, 105 குதிரைத்திறன் கொண்ட வி8 எஞ்சின், ஒரு 37 மி.மீ. பீரங்கி, இரண்டே ஆட்கள். எஞ்சின் முன்னால், ஆட்கள் பின்னால். ஓட்டுநர் எஞ்சினுக்கு மேலாகத்தான் பாதையைப் பார்க்க வேண்டும்.

1928-ல் அடுத்த வடிவமான டி1இ1 வந்தது. அதை எம்1 என்ற பெயரில் படைக்கு ஏற்றுக்கொண்டு, அதே ஆண்டில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். மனம் விட்டுப்போகக்கூடிய இடம் அது. ஆனால் வேலை நிற்கவில்லை. அடுத்த வடிவமான டி1இ2-வில், சுருக்கமாக இ2-வில், கவசத் தகடு தடித்தது. இ3-ல் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாறின. 1932-ல் இ4 வந்தபோது எஞ்சின் பின்னால் போய்விட்டது. அடியில் பிரிட்டனின் விக்கர்ஸ் ஆறு டன் டாங்கியைப் பார்த்துச் செய்த பட்டை ஸ்பிரிங். அமெரிக்க இலகு டாங்கிகள் பிறகு எஞ்சினை முன்னால் வைக்கவே இல்லை.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய அடி, அதே ஆண்டின் இ5. கிளட்ச்சும் பிரேக்குமாகத் திருப்புவதை விட்டுவிட்டு, கிளீவ்லேண்ட் டிராக்டர் கம்பெனியின் டிஃபரன்ஷியலை, அதாவது இரண்டு பெல்ட்டுக்கும் விசையைப் பங்கிடும் பல்சக்கர அமைப்பை, பொருத்தினார்கள். உழவுக்குச் சங்கிலி டிராக்டர் செய்த கம்பெனி அது! அதில் ஒரு பக்க டிரம்மில் பிரேக் பிடித்தால் அந்தப் பக்கம் மெதுவாகும், எதிர்ப்பக்கம் அதே அளவுக்கு வேகமெடுக்கும். இரண்டு பக்கமும் விசை அறுபடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். நின்ற இடத்தில் சுழல முடியாது, பிரேக் சூடாகும் என்ற குறைகள் உண்டு. இருந்தாலும், பாதித் திருப்பத்தில் விசை செத்துப்போகும் வண்டியோடு மல்லுக்கட்டிய எவரும் இதன் அருமையை உடனே உணர்வார்.

டி1 வரிசையில் ஒன்றுகூடப் பெரும் எண்ணிக்கையில் தயாராகவில்லை. இதைத் தோல்விக் கணக்கில் எழுதுபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு சோதனை வண்டி போருக்குப் போக வேண்டியதில்லை; அடுத்த வண்டிக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போனது என்று பார்க்க வேண்டும். இ5-ல் பார்த்த அந்தத் திருப்பும் முறை 1930-களின் எம்2 இலகு டாங்கிக்குப் போய், அங்கிருந்து இரண்டாம் உலகப்போர் டாங்கிகளான ஸ்டூவர்ட்டுக்கும் ஷெர்மனுக்கும் போனது.

அந்த ஸ்டூவர்ட் நம் நாட்டுக்கும் வந்தது. 1948-ல், காஷ்மீர்ப் போரில், லடாக்குக்குப் போகும் வழியிலுள்ள ஜோஜி லா கணவாயைப் பிடிக்க டாங்கிகள் ஏற வேண்டியிருந்தபோது, அடிவாரத்துப் பால்தாலிலிருந்து மேலே போன கோவேறு கழுதைப் பாதையை மேஜர் தங்கராஜு தலைமையில் ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள் அகலப்படுத்தினார்கள். நவம்பர் 1 அன்று, கடல்மட்டத்துக்கு 11,000 அடிக்கும் மேலே, 7-வது லைட் கேவல்ரி என்ற டாங்கிப் படைப்பிரிவின் ஸ்டூவர்ட்டுகள் அந்த வழியாக ஏறிப்போய்க் கணவாயைத் திறந்தன.