கம்ப்ரெஸரைக் குறை சொல்வதற்கு முன்னால்

"வாய்ஸ் ஏறி இறங்குது, கொஞ்சம் கம்ப்ரெஸ் பண்ணிக் கொடுங்க." என்னிடம் வரும் கோப்புகள் பெரும்பாலும் இந்த ஒற்றை வரியோடுதான் வருகின்றன. பேட்டி, ஒலிப்புத்தகம், பாட உரை என்று பெயர் மாறினாலும் என் வேலை ஒன்றுதான், பேச்சைக் கேட்கும்படி ஆக்குவது. இன்னொரு வகையும் உண்டு. யாரோ ஏற்கெனவே கம்ப்ரெஸ் செய்து, ஏதோ கெட்டுப்போய், "என்ன ஆச்சுன்னு பாருங்க" என்று வருபவை. எனக்குப் பிடித்தவை இந்த இரண்டாவது வகைதான். அவற்றைப் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் கோளாறு கம்ப்ரெஸரில் இருப்பதில்லை. அதற்குள் போன ஒலியில் இருக்கிறது.

கம்ப்ரெஸர் என்பது ஒலிக் குமிழில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள். குரல் ஓர் எல்லையைத் தாண்டினால் குமிழைக் குறைப்பார். அந்த எல்லைதான் த்ரெஷோல்ட், எல்லைக்கு மேல் எத்தனை மடங்கு அடக்குவது என்பது ரேஷியோ. கணினியில் பதிவாகும் ஒலிக்கு 0 டெசிபல்தான் உச்சம், மற்றவை மைனஸில் வரும். த்ரெஷோல்ட் மைனஸ் 20 டெசிபல், ரேஷியோ 3:1 என்று வைத்தால், எல்லைக்கு மேல் 9 டெசிபல் எகிறிய சொல் 3 டெசிபல் மட்டுமே எகிறியதாக வெளியே வரும். உச்சம் அடங்கிவிட்டது, சரி. இப்போது எல்லாவற்றையும் தூக்கிவிட மேக்கப் கெய்ன் கொடுப்போம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்த உயர்வு குரலுக்கு மட்டும் கிடைப்பதில்லை. மின்விசிறி, ஏசி, உதடு ஒட்டிப் பிரியும் சத்தம் எல்லாமே சேர்ந்து ஏறும். மைனஸ் 60இல் யார் கண்ணிலும் படாமல் கிடந்த இரைச்சல், 10 டெசிபல் கொடுத்ததும் மைனஸ் 50க்கு வந்து நிற்கும். ஒலிப்புத்தகத் தளமான ஏசிஎக்ஸ், இரைச்சல் மைனஸ் 60ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அந்தச் சோதனையில் கோப்பு திரும்பி வந்துவிடும்.

'அறையே மூச்சு விடுற மாதிரி இருக்கு' என்று வரும் புகாரும் இதே வகை. பேசும்போது குமிழ் கீழே இருக்கும். பேச்சு நின்றதும் மேலே வரும், கூடவே விசிறிச் சத்தமும் மெல்ல மேலே வரும். இரைச்சலைக் கம்ப்ரெஸருக்கு முன்பே குறைத்துவிட வேண்டும், அளவோடு. சத்தம் குறைந்ததும் ஒலியையே அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டு இடைவெளிகளை முழு மௌனமாக்குவோரும் உண்டு. எனக்கு அது ஒத்துவராது. சொல்லுக்குச் சொல் அறை திறந்து மூடுவது போல் கேட்பதைவிட, சீராக ஓடும் விசிறியே மேல்.

சில கோளாறுகள் காதுக்கே தெரியாது. ஒரு பேட்டியில், நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தவரின் குரல் அங்கங்கே திடீரென்று பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அந்த இடங்களில் அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், 2024இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து கம்ப்ரெஸர், தான் எவ்வளவு குறைக்கிறது என்பதை ஓடும் வரைபடமாகக் காட்டும். அதில் பார்த்தால், பள்ளம் விழும் ஒவ்வொரு முறையும் கோடு மளமளவென்று இறங்குகிறது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாற்றியதும் காரணம் தெரிந்தது. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அடிமட்டத்தில் ஒரு பிரகாசமான திட்டு. மேசையில் கால் இடித்திருக்கிறது, மைக் அதே மேசையில். என் ஹெட்ஃபோனில் அது கேட்கவே இல்லை, ஆனால் கம்ப்ரெஸருக்கு அது பெரிய சத்தம். அதற்குக் கீழுள்ள ஒலியை வடிகட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்றை 80 ஹெர்ட்ஸில் வைத்து, கம்ப்ரெஸருக்கு முன்னால் போட்டதும் பள்ளங்கள் மறைந்தன. த்ரெஷோல்டையும் ரேஷியோவையும் எவ்வளவு திருகியிருந்தாலும் இது தீர்ந்திருக்காது. மைக்குக்கு மிக அருகில் சொல்லப்படும் 'ப'வில் வரும் காற்றடிக்கும் இதே மருந்துதான்.

குறைத்த குமிழ் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம்தான் ரிலீஸ். அந்த விஷயத்தில் தமிழ்ப் பேச்சுக்குத் தனிக் கவனம் தேவை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், குரலும் பெரும்பாலும் அங்கேதான் தணியும். 'நான் அதுக்கு ஒத்துக்கவே' என்று அழுத்திச் சொல்லிவிட்டு 'இல்லை'யை விழுங்குவோம். ரிலீஸ் நீளமாக இருந்தால், அழுத்தத்துக்காகக் குறைந்த குமிழ் மேலே வருவதற்குள் 'இல்லை' கடந்துவிடும். அப்புறம் கேட்பவருக்கு ஒத்துக்கொண்டாரா இல்லையா என்றே சந்தேகம். ஆடாசிட்டியின் பழைய கம்ப்ரெஸரில் ரிலீஸ் 1 விநாடிக்குக் கீழே இறங்காது. அதில் செய்த கோப்புகளில் வாக்கிய வால்கள் தேய்ந்திருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். அதற்காக ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது. கனத்த ஆண் குரலில் ஓர் அதிர்வுக்கே ஏறக்குறைய 10 மில்லி விநாடி ஆகும். ரிலீஸும் அதே அளவு என்றால், குமிழ் ஒவ்வோர் அலைக்கும் ஏறி இறங்கி, குரல் கரகரக்கும். 100 முதல் 200 மில்லி விநாடி வரை வைத்துத் தொடங்கினால் பேச்சுக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இரண்டு பேர் பேசும் பதிவில், ஒருவர் மைக்கை ஒட்டியும் மற்றவர் தள்ளியும் உட்கார்ந்திருந்தால், நான் கம்ப்ரெஸரைத் தொடுவதே கடைசியில். முதலில், ஒலி அளவை இடத்துக்கு இடம் கையால் ஏற்றி இறக்க உதவும் என்வலப் கருவியை எடுத்து ஆளுக்கு ஆள், பத்திக்குப் பத்தி கையால் சமப்படுத்துவேன். அலுப்பான வேலைதான், பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யவும் முடியாது. ஆனால் அதன் பிறகு கம்ப்ரெஸர் 3, 4 டெசிபலுக்கு மேல் குறைக்க வேண்டியிருக்காது. அது 10, 12 என்று குறைத்துக்கொண்டிருந்தால், நாம் செய்யாமல் விட்ட வேலையை அது செய்கிறது என்று பொருள்.

முன்னும் பின்னும் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்தே கேட்கிறேன். சத்தமாக இருப்பது நன்றாக இருப்பது போலவே தோன்றும். அந்த மயக்கத்தில் எதையும் 'பிரமாதம்' என்று அனுப்பிவிடலாம்.

கைவிடும் கோப்புகளும் உண்டு. பதிவுக் கருவியே ஆட்டோ கெய்ன் போட்டு, அதாவது ஒலி அளவைத் தானாகவே ஏற்றி இறக்கி, ஒருமுறை கசக்கிய குரலை நான் இரண்டாம் முறை கசக்குவதில் பயனில்லை. உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையான அலையைக் கம்ப்ரெஸர் சின்னதாக்கும், குணப்படுத்தாது. அந்த மாதிரி கோப்பு வந்தால் ஆட்டோ கெய்னை அணைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கும்படி மறுபடி பதிவு செய்து தரச் சொல்கிறேன். மறுபடி பேச அந்த ஆள் கிடைக்கமாட்டார் என்றால், இருப்பதை வைத்து இரைச்சலை மட்டும் குறைத்து, கம்ப்ரெஸர் போடாமலே அனுப்பிவிடுகிறேன்.