ஹெல்மெட்டுக்கு முன் கழுத்தைப் பாருங்கள்

குழந்தையின் தலை ஒரு பக்கம் சப்பட்டையாகிவிட்டால் பேச்சு வாங்குவது தாய்தான். "ஒரே பக்கமாப் போட்டு வளத்திருக்கா" என்று மட்டக்களப்பில் எங்கள் கல்லடியில் என் காதுபடவே சொன்னார்கள். என் மகனுக்குப் பின்தலையின் வலப்பக்கம் சப்பட்டை, மேலிருந்து பார்த்தால் வலக்காதும் சற்று முன்னால் தள்ளி நின்றது. டொரன்டோவில் இருக்கும் தங்கச்சியின் மகளுக்கும் இதே பிரச்சினைதான். அவளுக்குத் தலை வடிவத்தைச் சரியாக்கும் ஹெல்மெட் போட்டார்கள், இங்கே எங்களிடம் அந்தப் பேச்சே வரவில்லை.

மல்லாக்கப் படுக்க வைப்பதால்தானே இது வருகிறது, குப்புறப் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். குழந்தைகளைக் குப்புறத் தூங்க வைக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1992இல் சொன்ன பிறகு, தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் குழந்தைகளின் தொகை அங்கே பாதிக்கும் கீழே இறங்கியது. சப்பட்டைத் தலை கூடியதும் அதற்குப் பிறகுதான். உயிரா தலை வடிவமா என்றால் யோசிக்க என்ன இருக்கிறது?

ஹெல்மெட் தலையை நசுக்குவதில்லை. துருத்திய பக்கத்தில் ஒட்டி நிற்கும், சப்பட்டையான பக்கத்தில் இடம் விட்டிருக்கும், தலை வளர வளர அந்த இடம் நிரம்பும். அதனால்தான் வளர்ச்சி வேகமாக இருக்கும் முதல் வருடத்துக்குள், பெரும்பாலும் நாலு முதல் ஆறு மாதத்தில் தொடங்குகிறார்கள். நாளுக்கு 23 மணித்தியாலம் போட வேண்டும். குளிக்கக் கழற்றும்போது பிள்ளையின் தலை முழுக்க வியர்வை, காதுக்கு மேல் சிவந்த தடம், உள்ளே ஒரு புளித்த வாடை, அதை வீடியோவில் காட்டிக்காட்டித் தங்கச்சி அழுதாள். செலவும் கொஞ்சமல்ல. தலை நன்றாக வந்துவிட்டது, திரும்பவும் போடச் சொன்னாலும் போடுவேன் என்கிறாள், அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்துச் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஹெல்மெட் போட்டவர்களிலும் போடாதவர்களிலும் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குத்தான் இரண்டு வயதில் தலை முழுதாகச் சரியாகியிருந்தது, பெரிய வித்தியாசமே இல்லை. மிகக் கடுமையான சப்பட்டையும் கழுத்து இறுக்கமும் உள்ள பிள்ளைகளை அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் மகனுக்கு இருந்தது அந்தக் கழுத்து இறுக்கம்தான். இரண்டாம் மாத ஊசிக்குக் கிளினிக் போனபோது மிட்வைஃப் மிஸ்தான் கண்டுபிடித்தார். "வலப்பக்கமே பாக்கிறான், இடப்பக்கம் திருப்பினா அழுறான், கழுத்தைக் காட்டுங்க புள்ள" என்றார். பிசியோதெரபியில் என் விரலைப் பிடித்து அவனுடைய இடக்கழுத்தில் வைத்துக் காட்டினார்கள். காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை அந்தத் தசை முறுக்கிய கயிறு போல இருந்தது. தோளை அழுத்திப் பிடித்து நாடியை மெல்ல இடப்பக்கம் திருப்பச் சொல்லித் தந்தார்கள், ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் செய்தேன். ஜன்னல் வெளிச்சம் அவனுக்கு இடப்பக்கம் வருகிற மாதிரி தலைமாடு கால்மாட்டை மாற்றிப் போட்டோம். முழித்திருக்கும் நேரம் பன்பாயில் குப்புற விட்டு மூத்தவனை முன்னால் இருந்து விளையாட்டுக் காட்டச் சொல்வேன். எண்ணெய் வைத்து உருட்டினால் தலை வட்டமாகும் என்று மாமி நம்பினார். தடவ விட்டேன், அழுத்த விடவில்லை.

மாமாங்கக் கோயிலில் மொட்டை அடித்தபோது கொஞ்சம் தெரிந்தது, முடி வளர்ந்ததும் யாருக்கும் தெரியவில்லை.

எல்லாச் சப்பட்டையும் இப்படியல்ல. பிறந்ததிலிருந்தே தலை கோணலாக இருந்தாலோ, மண்டையோட்டுப் பொருத்தில் வரம்பு மாதிரித் தட்டுப்பட்டாலோ, சப்பட்டைப் பக்கத்துக் காது பின்னால் இழுபட்டிருந்தாலோ தாமதிக்காமல் குழந்தை வைத்தியரிடம் போங்கள். எலும்புகள் முன்கூட்டியே ஒட்டியிருக்கலாம், அதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும். மற்றவர்கள் அடுத்த ஊசிக்குப் போகும்போது, கழுத்து இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத் திரும்புகிறதா என்று மிட்வைஃபிடம் கேட்டுப் பாருங்கள்.