செய்தி தாமதமாக வந்த போர்: பால்டிமோர் மெக்ஹென்றி கோட்டை

பால்டிமோர் போகிறவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் நண்டு சாப்பிட்டு, மீன் காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கூட ஒரு அரை நாள் இருந்தால் மெக்ஹென்றி கோட்டைக்குப் போய் வாருங்கள். நட்சத்திர வடிவில் சின்னச் செங்கல் கோட்டை, மூன்று பக்கமும் தண்ணீர். அங்கிருக்கும் ராட்சதப் பீரங்கிகளில் சாய்ந்து எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அவை 1860-களின் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தவை. 1812-இல் தொடங்கிய அமெரிக்க-பிரிட்டன் போரில், 1814-இல் இங்கே நடந்த சண்டைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

போர் ஏன் வந்தது? நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டனுக்குக் கப்பலில் ஆள் போதவில்லை. நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை மறித்து, 'நீ எங்கள் ஊர்க்காரன்தான்' என்று மாலுமிகளை இழுத்துப் போனார்கள். பிரான்சோடு வியாபாரம் செய்யவிடாத கெடுபிடி வேறு. இன்னொரு பக்கம், அப்போது பிரிட்டன் வசமிருந்த கனடா மீதும் மேற்கே பழங்குடிகளின் நிலத்தின் மீதும் அமெரிக்கர்களுக்கு ஒரு கண். என்னைக் கேட்டால் இதுவும் சம அளவு காரணம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வணிகத் தடையை விலக்கிக்கொள்வதாக லண்டனில் அறிவித்தது 1812 ஜூன் 16 அன்று. சேதி கடல் தாண்டி வருவதற்குள், ஜூன் 18 அன்றே அதிபர் மேடிசன் போர்ப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்!

அமெரிக்கர்கள் கனடாவைப் பிடிக்கப் போய் டெட்ராய்டையே பறிகொடுத்தார்கள். 1813-இல் இன்றைய டொராண்டோவுக்குள் புகுந்து சட்டமன்றக் கட்டடத்தை எரித்தார்கள். மறு வருடம் ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் படை வெள்ளை மாளிகைக்குத் தீ வைத்தது. அடுத்த குறி பால்டிமோர்.

செப்டம்பர் 13 காலை தொடங்கி 25 மணி நேரம் குண்டுமழை. கோட்டைப் பீரங்கிகளுக்கு எட்டாத தூரத்தில் கப்பல்களை நிறுத்திக்கொண்டு அடித்தார்கள். வெடிமருந்துக் கிடங்குக்குள்ளேயே ஒரு குண்டு விழுந்து, வெடிக்காமல் கிடந்ததாம். கோட்டைக்குள் இறந்தவர்கள் நாலே பேர். கப்பலிலிருந்து சீறிய ராக்கெட்டுகளின் மூலம் நம்ம பக்கம்: மைசூர்ப் போர்களில் ஹைதரும் திப்புவும் விட்ட ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் பிரிட்டிஷ்காரர் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். இந்தச் சண்டையைப் பாடும் அமெரிக்க தேசிய கீதத்தில் வரும் ராக்கெட் அதுதான்.

குண்டுமழை ஓய்ந்த மறுநாள், செப்டம்பர் 14 காலை கோட்டையில் ஏற்றியது 30 அடிக்கு 42 அடி அமெரிக்கக் கொடி. நான் போன அன்று கோட்டை ஊழியரான ரேஞ்சர் வந்தவர்களை இரண்டு வரிசையாக நிற்கவைத்து, அதே அளவுக் கொடி ஒன்றை விரித்துப் பிடிக்கச் சொன்னார். தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கவே கூட்டம் திணறியது. ஒரு பட்டையே இரண்டு அடி அகலம்.

1814 டிசம்பர் 24 அன்று இன்றைய பெல்ஜியத்திலுள்ள கெண்ட் நகரில் சமாதான ஒப்பந்தம். எல்லை பழையபடி. மாலுமிகளைப் பிடித்துப்போவது பற்றி அதில் ஒரு வரி கிடையாது. இந்தச் சேதியும் தாமதம்; அதற்குள் ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் பெரிய சண்டை நடந்து, பிரிட்டிஷ் தரப்பில் நூற்றுக்கணக்கானோர் செத்திருந்தார்கள். இரண்டு தரப்பும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன. பிரிட்டனை நம்பி நின்ற பழங்குடித் தலைவர் டெகும்சே 1813-லேயே களத்தில் விழுந்துவிட்டார். தோற்றது அவருடைய மக்கள்தான்.

அசல் கொடி இங்கே இல்லை. ரயில் பிடித்தால் வாஷிங்டன் பக்கம்தான், அங்கே ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் மங்கலான வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். கோட்டைத் தளபதி ஆர்மிஸ்டெட்டின் குடும்பத்தார் நினைவுப்பொருளாகத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்ததில் 15 நட்சத்திரங்களில் ஒன்றைக் காணோம். படம் எடுக்க அனுமதி கிடையாது.