கடைசி பட்டன்

ஆக்குபேஷனல் தெரபி என்றதும் வேலை தேடித் தரும் இடம் என்று நினைப்பவர்களும் உண்டு, பிசியோதெரபிக்கு இன்னொரு பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தோள் எவ்வளவு உயரம் தூக்க வருகிறது என்று பிசியோதெரபிஸ்ட் பார்ப்பார், அந்தத் தோளை வைத்துக்கொண்டு உங்களால் தலைவாரிக்கொள்ள முடிகிறதா என்று நான் பார்ப்பேன். முழுமையான விளக்கம் இல்லை, ஆனால் தொடங்குவதற்குப் போதும்.

இத்தனை வருடத்தில் என் கண் அதிகம் நின்ற பொருள் எது என்றால் சட்டை பட்டன். பிறவியிலேயே கை சுணங்கிய குழந்தை முதல் படுக்கையோடு கிடக்கும் பெரியவர் வரை எல்லாரிடமும் அது இருக்கிறது.

ஐந்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். பள்ளிக்கு நேரமாகிவிடும் என்று தினமும் அம்மாவே பட்டன் போட்டுவிடுவார், அவன் சிலை மாதிரி நிற்பான். பட்டன் போடுவது பார்க்கச் சின்ன வேலை, பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கை காஜாவின் ஓரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும், அதே நேரம் இன்னொரு கை பட்டனைச் சாய்த்து உள்ளே தள்ள வேண்டும், பாதி நுழைந்ததும் இரண்டு கையும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்து பிடிக்கும் பிடி குழந்தைக்கு 9, 10 மாதத்திலேயே வர ஆரம்பிக்கும், ஆனால் அதை இந்த மாதிரி வேலைக்குப் பழக்க வருடங்கள் ஆகும். அவனுக்கு முதலில் நான் பார்த்தது விரலையே இல்லை, காலை. நாற்காலியில் கால் தொங்கிக்கொண்டிருந்தது, உடம்பு ஆடியது, ஆடுகிற உடம்பிலிருந்து விரல் நுணுக்கமாக வேலை செய்யாது. காலுக்கு ஒரு பலகை வைத்தோம். அப்புறம் பட்டனைப் பாதிக்கு மேல் நானே நுழைத்துவிட்டு, மீதியை இழுப்பதை மட்டும் அவனிடம் விட்டேன். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிச் சொல்லித்தருவது எங்கள் பழைய முறை. முன்னாலிருந்து தொடங்கினால் பாதியில் தோற்று நிற்பான், பின்னாலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் வேலை அவன் கையில்தான் முடியும். "நான் போட்டேன்" என்று அவன் சொன்னபோது அம்மா மறுத்து ஏதோ சொல்ல வந்தார், நான் கண்ணைக் காட்டினேன். நிறுத்திக்கொண்டார்.

நடுவயதில் சிலரிடம் என் வேலை தலைகீழ். விரலை மடக்கும் தசைநாண் அறுந்து தைத்து வருபவர்கள் மூன்றாவது வாரமே வலி இல்லை என்று, கையை அசையாமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்டைக் கழற்றிவிடுவார்கள். வலி போய்விட்டது என்பதற்காகத் தையல் போட்ட இடம் பலமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, கனமான வேலைக்குத் திரும்பச் சுமார் 12 வாரம் ஆகும். அவர்களிடம் பட்டனைத் தொடாதே, மற்றவர் போட்டுவிடட்டும் என்று கெஞ்ச வேண்டியிருக்கும்.

பக்கவாதம் வந்த ஒருவரை இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அவரிடம் நான் தவறு செய்தேன். மூளையின் வலப்பக்கம் பாதிப்பு, இடது கை விழுந்துவிட்டது. கண்ணில் குறையில்லை, ஆனால் இடப்பக்க உலகமே அவர் கவனத்துக்கு வராது. முகத்தில் வலது பாதியை மட்டும் சவரம் செய்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடுவார். விழுந்த கையை முதலில் சட்டைக்குள் நுழை, கழற்றும்போது அதைக் கடைசியில் எடு என்று சொல்லிக்கொடுத்து, ஒரு கையாலேயே உடுத்தப் பழக்கினேன். ஆறு வாரத்தில் தானாக உடுத்தினார், எனக்கு ஒரே பெருமை, உதவி தேவையில்லை என்று குறிப்பில் எழுதினேன். அவர் மனைவி தனியாக வந்து சொன்னார்: "தானே போட்டுக்கறார்மா. முக்கால் மணி நேரம் ஆகுது. அப்புறம் மத்தியானம் வரைக்கும் படுத்துடறார்." அவருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். பேப்பர் படிக்கணும் என்றார். வரியின் இடது முனை அவருக்குத் தவறிப்போவதால் ஒரு வாக்கியமும் புரியாமல் மடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பத்தியின் இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு போட்டோம், ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கோடு தெரியும்வரை கண்ணை இழுத்துக்கொண்டு போகப் பழக்கினோம். சட்டையை மனைவியே போட்டுவிட்டார், காலை நேரத்துச் சக்தி பேப்பருக்குப் போனது. தானே செய்வது நல்லதுதான், ஆனால் எதைத் தானே செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. அதை நான் பறித்திருந்தேன்.

இந்தத் துறைக்கான முதல் சங்கம் 1917-இல் அமெரிக்காவில் தொடங்கியபோது அதற்கு முன்னின்ற ஜார்ஜ் பார்ட்டன் டாக்டர் இல்லை, கட்டடக் கலைஞர். அவரே இடப்பக்கம் செயலிழந்து, தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்து தேறியவர். படிக்கும்போது இதைத் தேர்வுக்கான விடையாக மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன்.

மறதிநோய் உள்ள ஒரு அம்மாவை அவர் மகள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நோயில் விரலுக்குப் பழக்கம் இருக்கும், வரிசைதான் குழம்பும். மேலே போடுவதை முதலில் போட்டுவிடுவார்கள். உடைகளைப் போடும் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்கச் சொன்னேன். ஒரு வருடம் அது நடந்தது. பிறகு கையில் கொடுத்ததையும் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பையனுக்குச் செய்ததையே மகளுக்குச் சொன்னேன்: எல்லாவற்றையும் நீங்களே போடுங்கள், கடைசி பட்டனைப் பாதி நுழைத்துவிட்டு அம்மா விரலை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக நான் போன அன்று மகளின் பெயர் அந்த அம்மாவுக்கு நினைவில்லை. மகள் மற்ற பட்டன்களைப் போட்டு முடித்து, விரலை எடுத்து வைத்துவிட்டு, தன் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நானும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து அந்த விரல் மெதுவாக மடங்கியது.