பாதியில் நிற்கும் வரிசைகள்

எங்கள் புள்ளியியல் பிரிவில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1974 முதல் 1984 வரை நோயாளிகளைச் சேர்த்த ஒரு கல்லீரல் ஆய்வின் டேட்டாவைத்தான். பித்த நாளங்கள் மெல்ல அழியும் நோய். டி-பெனிசில்லமின் மருந்து உதவுமா என்று பார்த்தார்கள், உதவவில்லை. ஆனால் அந்த 312 பேருக்கும் திரும்பத் திரும்ப எடுத்த ரத்தப் பரிசோதனைகள், மொத்தம் 1945 வரிகள், எங்கள் துறைக்கே பாடமாகிவிட்டன.

முதல் நோயாளிக்கு இரண்டே வரிகள். சேர்ந்த அன்று பிலிருபின், அதாவது கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறப்பொருள், 14.5. 192ஆம் நாள் 21.3. 400ஆம் நாள் இறந்துவிட்டார். அடுத்தவருக்கு ஒன்பது வரிகள்: 1.1, 0.8, 1.0 என்று ஆரம்பித்து, வருடக்கணக்கில் ஏறி 4.6இல் நிற்கிறது.

"வருஷாவருஷம் சராசரி எடுத்துப் பார்க்கலாமா சார்?" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் இரண்டாம் வருடச் சராசரியில் முதல் நோயாளி இருக்க மாட்டார். மோசமாக இருந்தவர்கள் முன்னாலேயே போய்விட, மிஞ்சியவர்களின் சராசரி நோயை உள்ளதைவிடச் சாதுவாகக் காட்டும்.

சரி, காலத்தோடு மாறும் பிலிருபினை, இறப்பு அபாயத்தைக் கணிக்கும் காக்ஸ் மாதிரியில் போட்டால்? 192ஆம் நாளிலிருந்து 400ஆம் நாள் வரை அவருக்கு 21.3 அப்படியே அசையாமல் இருந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். பரிசோதனையில் வரும் சிறு பிசகையும் உண்மை என்றே நம்பிவிடும்.

திரும்பத் திரும்ப எடுத்த அளவுகளையும் இறப்பையும் ஒரே கணக்கில் சேர்க்கும் கூட்டு மாதிரி இங்கேதான் கைகொடுக்கிறது. எச்.ஐ.வி. நோயாளிகளின் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவை வைத்து வுல்ஃப்சோனும் ஸியாட்டிஸும் 1997இல் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளங்களில் ஒன்று. ஒவ்வொருவருக்கும் அவருக்கே உரிய ஒரு கோடு. அளவீட்டுப் பிசகு தனியாகப் பிரிந்துவிடும். அந்தக் கோட்டின் அன்றன்றைய உயரம் அன்றைய இறப்பு அபாயத்தோடு இணையும். இரண்டையும் சேர்த்தே கணிப்பதால், ஒருவர் எப்போது இறந்தார் என்பதும் அவருடைய கோட்டைத் தீர்மானிப்பதில் பங்கு பெறுகிறது. உயரத்தோடு ஏறும் வேகத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. பிலிருபின் 4 என்று இருவருக்கு வரலாம். ஒருவருக்கு அது வருடக்கணக்கில் அங்கேயே நிற்கும், இன்னொருவருக்குப் போன பரிசோதனையில் 2ஆக இருந்திருக்கும். இருவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது.

அந்த 312 பேரில் 140 பேர் இறந்தார்கள், 29 பேருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தப்பட்டது. அந்த 29 பேரை வெறுமனே 'உயிருடன்' என்று குறித்தால் கணக்கு கெட்டுவிடும்; வேறொரு முடிவாகவே அவர்களைத் தனியாக வைக்க வேண்டும். அதனால் மருத்துவர்களிடம் டேட்டா கேட்கும்போது, கடைசியாக வந்த தேதியோடு ஏன் வருவது நின்றது என்பதற்கும் ஒரு தனி நெடுவரிசை கேட்கிறேன். 'தொடர்பில் இல்லை' என்று மட்டும் எழுதி வந்தால், வீட்டுக்கு ஒருமுறை போன் செய்து கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.