பாம்பின் முதல் எழுத்து

அல்பேனிய அகராதியில் இன்று பாம்பைத் தேடினேன். "ஜ்யார்பர்" என்றிருந்தது.

இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் முறை பிடிபட்டது. அட, சர்ப்பம்!

சமஸ்கிருதத்தில் ஸர்ப்ப. லத்தீனில் ஸெர்பென்ஸ். அல்பேனியத்தில் மட்டும் முதல் 'ஸ' எப்படியோ 'ஜ்ய' ஆகிவிட்டது.

தற்செயலாக இருக்குமோ என்று எண்களைப் புரட்டினேன். ஆறு, லத்தீனில் ஸெக்ஸ், இங்கே ஜ்யாஷ்ட. அதே இடம், அதே மாற்றம்.

ஆனால் உடல்நலத்துக்கு "ஷண்டெத்" என்கிறார்கள். லத்தீன் 'ஸானிடாஸ்' தந்த சொல். இதில் 'ஸ' வெறும் 'ஷ'வோடு நின்றுவிட்டது. ரோமானியர் வந்து சேர்வதற்குள் பழைய மாற்றம் ஓய்ந்துபோயிருந்தது. வீட்டில் பிறந்த சொல் எது, விருந்துக்கு வந்து தங்கிவிட்ட சொல் எது என்று முதல் எழுத்தே காட்டிக்கொடுக்கிறது.

லத்தீன் கடன்சொற்கள் அங்கே மலைபோல் குவிந்திருப்பதால், அல்பேனியத்தைப் பாதி லத்தீன்வழி மொழி என்றவர்களும் உண்டு. 1850களில் ஜெர்மன் மொழியியலாளர் ஃபிரான்ஸ் பாப், அது சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் எல்லாம் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழி என்று நிறுவினார். இன்று அதற்கென்றே தனிக்கிளை.

பக்கத்து வீட்டுக் கிரேக்கமோ அந்த 'ஸ'வை 'ஹ' ஆக்கி, ஊர்வனவற்றை "ஹெர்பெட்டோன்" என்றது. இனி அதன் பின்னால் போனால் இன்றிரவும் தூக்கம் போயிற்று.