ருவாண்டாவை வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போது

ருவாண்டா இனப்படுகொலையை ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே எடுக்க வேண்டாம். குறைந்தது இரண்டு 40 நிமிடப் பாடவேளைகள் தேவை. கடைசி வேளையில் வைத்தால் மணி அடித்ததும் பிள்ளைகள் கேட்ட கனத்தோடு வீட்டுக்குப் போவார்கள், காலையிலேயே வையுங்கள்.

பலரும் எண்ணிக்கையில் தொடங்குகிறார்கள்: 1994 ஏப்ரல் 7 தொடங்கி சுமார் 100 நாள், 8 லட்சத்துக்கும் மேல் உயிர்கள். பிள்ளைகள் அதை ஒரு மதிப்பெண் விடையாகக் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் உள்ள இனப்படுகொலை நினைவகத்தில் குழந்தைகளுக்கென்றே ஓர் அறை இருக்கிறது. அங்கே படத்தில் இருக்கும் 12 வயதுச் சிறுமிக்குப் பிடித்தது நீச்சல். சாப்பிடப் பிடித்தது முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும். உயிர்த்தோழி, சொந்த அக்கா. முதலில் இதை வாசியுங்கள். வாசித்ததும் எதுவும் விளக்காதீர்கள். எண்ணிக்கை பிறகு வரட்டும்.

அடுத்து, எப்படி நடந்தது என்பது. 'காலங்காலமான பழங்குடிப் பகை' என்று சொல்லிவிட்டால் பாடமே கெட்டது. ருவாண்டாவின் இரு பிரிவினரான ஹூட்டு, டுட்சி இருவரும் பேசியது ஒரே கின்யாருவாண்டா மொழி. 1930களில் பெல்ஜிய ஆட்சி அடையாள அட்டையில் இனத்தைப் பதிந்தது. விடுதலைக்குப் பிறகும் அட்டையிலிருந்து அந்த இனக் குறிப்பு போகவில்லை. 1993இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி டுட்சிகளைக் கரப்பான்பூச்சி என்றது. மறு ஆண்டு, சாலைத் தடுப்புகளில் ஹூட்டு தீவிரவாதிகள் அதே அட்டையை வாங்கிப் பார்த்து டுட்சிகளைக் கொன்றார்கள். அட்டை, வானொலி, தடுப்பு என்று பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் யார் மறுத்திருக்க முடியும் என்று கேளுங்கள். அவசரப்படாமல் பேச விடுங்கள்.

வகுப்பை இரண்டாகப் பிரித்து நடிக்கவைப்பது அறவே கூடாது. சிரிப்பு கிளம்பும், இல்லையென்றால், ஏற்கெனவே சாதி சொல்லி ஒதுக்கப்படும் பிள்ளை மறுபடியும் ஒதுக்கப்படும். சடலப் படங்களும் வேண்டாம். தன் பிள்ளையை அப்படிக் காட்ட எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள்.

இரண்டாம் வேளைக்கு ருவாண்டாவின் நியாங்கே பள்ளியில் நடந்ததை எடுங்கள். 1997 மார்ச் 18 இரவு, ஆயுதங்களோடு நுழைந்தவர்கள் ஹூட்டு, டுட்சி எனப் பிரிந்து நிற்கச் சொன்னார்கள். மாணவர்கள் பிரிய மறுத்தார்கள்; சிலர் உயிரையே கொடுத்தார்கள். ருவாண்டா இன்று அவர்களை வீரர்களாகப் போற்றுகிறது. உங்கள் மாணவர்களைப் போல அவர்களும் பள்ளியில் படித்தவர்கள்தான்.

முள்ளிவாய்க்கால் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாதீர்கள், இரண்டு வரியிலும் முடிக்காதீர்கள். தனி வேளை ஒதுக்குங்கள். அங்கே உறவுகளை இழந்த பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம்.

நினைவுகூர ஏப்ரல் 7 நமக்குத் தேர்வுக் காலம். இனப்படுகொலையில் உயிரிழந்தோருக்காக ஐ.நா. அறிவித்த டிசம்பர் 9 பொருந்தும். 1948இல் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை நிறைவேறிய நாள் அது. காலைக் கூட்டத்தில் மாணவர்களே எழுதிய பத்து வரியை வாசிக்கட்டும். போட்டி, பரிசு எதுவும் வேண்டாம். கைதட்டக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.